உங்கள் தளத்தில் கோளாறு இல்லை, எங்கள் வீட்டில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு உங்கள் காரியாலயத்துக்குப் போன் எடுத்து, "நாலு நாளாக உங்கள் தளம் திறக்கவில்லை, பத்திரிகை நடத்துறீங்களா, பாக்கு இடிக்கிறீங்களா?" என்று கத்திய ஆள் நான்தான். போனை எடுத்த பிள்ளை மரியாதையாக, "எங்களுக்குத் திறக்குதே ஐயா, வேறு யாரும் சொல்லவும் இல்லையே" என்றது. அதற்கும் கத்தினேன்.

தப்பு என் வீட்டில். அதை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். அப்படியே நடந்ததையும் முழுக்கச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கோளாறை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு "மலைதானே, சிக்னல் இல்லை" என்று சும்மா இருக்கிறவர்களை எங்கள் பக்கத்தில் எனக்கே தெரியும். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களில் இருக்கிற புள்ளியை மட்டும் வெட்டிவிட வேண்டாம், ஒரு புள்ளி போனால் எல்லாம் போச்சு.

நாங்கள் இருப்பது மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம். அப்பா பழைய கணக்கப்பிள்ளை, எண்பதைத் தாண்டிவிட்டார். அச்சுப் பத்திரிகை பஸ்ஸில் ஏறி எங்கள் கடைக்கு வந்து சேரப் பகலாகிவிடும், அதுவரை அவரால் பொறுக்க முடியாது. அதனால் காலையில் பிளேன்டி குடித்த கையோடு லெப்டொப்பில் உங்கள் பத்திரிகையைத் திறந்து கொடுக்க வேண்டும். முதலில் மரண அறிவித்தல், அப்புறம்தான் அரசியல். தன்னோடு பெரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம்) நின்ற ஆட்களில் இன்னும் யார் மிச்சம் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

அந்த நாலு நாளும் மற்றத் தளமெல்லாம் திறந்தது. மகளின் உயர்தர வகுப்பு ஓடியது, யூடியூப் ஓடியது, உங்களுடையது மட்டும் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். அப்பா எட்டிப் பார்த்து, "மறுபடியும் குரங்கா?" என்றார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அதற்குப் பிறகு வீட்டில் எது நின்றாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

குரங்கு இல்லை. கதை அதற்கு முந்திய ஐப்பசி இடி மின்னலில் தொடங்குகிறது.

அந்த மின்னலில் வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்து கொடுக்கிற பெட்டி, எங்கள் பழைய ரவுட்டர், கருகிவிட்டது. சிம் போடுகிற புது ரவுட்டர் ஒன்று வாங்கி வைத்தோம். போன்கள் எல்லாம் உடனே வேலை செய்தன, லெப்டொப் மட்டும் செய்யவில்லை. வைஃபை கோடு முழுதாகக் காட்டுகிறது, ஒரு தளமும் திறக்காது. வீட்டுக்கு வந்தவன் போனவன் எல்லோரும் சிக்னல் என்றார்கள். ரவுட்டரை ஜன்னலில் வைத்தோம், அலுமாரிக்கு மேல் வைத்தோம், ஒருநாள் கோப்பி மரத்தடி வரைக்கும் வயர் இழுத்துப் பார்த்தோம். இத்தனைக்கும் அதே வைஃபையில் போன் ஓடிக்கொண்டிருக்கிறது! போனுக்கு இருக்கிற சிக்னல் லெப்டொப்புக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உதவி இலக்கத்துக்கு எடுத்தால் நெடுநேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, அணைத்துப் போடச் சொன்னார்கள். டவுனில் ஒரு கடையில் காட்டினால், பார்த்த பையன் மூடியைத் திறந்து மூடிவிட்டு, "விண்டோஸ் அடிக்கணும் அங்கிள், மூவாயிரம் ஆகும்" என்றான். மகளின் பாடக் குறிப்பெல்லாம் அதில் இருந்ததால் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் புத்தி அன்றைக்கு எப்படியோ வேலை செய்திருக்கிறது.

கண்டியில் கம்ப்யூட்டர் படிக்கிற அக்கா மகன் ஒரு ராத்திரி வந்து தங்கினான். லெப்டொப்பில் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, அந்தப் பக்கம் பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கிற பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கூகுளின் கம்ப்யூட்டர் ஒன்றின் எண்ணைப் போட்டான். நாலு வரி பதில் வந்தது. அப்புறம் அந்த எண்ணுக்குப் பதிலாகக் கூகுளின் பெயரைப் போட்டான். கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. "மாமா, பாதை இருக்கு. பெயர்தான் தெரியலை" என்றான்.

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது, ஏனென்றால் இருபத்தேழு வருஷம் தோட்ட ஓபிஸில் கிளாக்கராக இருந்து தபால் பை பிரித்தவன் நான். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஏது இலக்கம்? ஏது வீதி? கடுதாசியில் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். பை ஓபிஸுக்கு வரும். இந்த முனியாண்டி மேல் டிவிசன் முனியாண்டியா, கீழ் டிவிசன் முனியாண்டியா, எந்த லயம், எத்தனையாம் காம்பரா (அறை) என்று பெயர்ப்பதிவைப் பார்த்துச் சொல்ல ஓபிஸில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் லீவு போட்ட நாளில் ரோடு நன்றாக இருக்கும், தபால்காரரும் வந்திருப்பார், முனியாண்டியும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார், கடுதாசி மட்டும் மேசையில் கிடக்கும். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடுதாசி திகதி கடந்து போய்ச் சேர்ந்த கதைகள் நம் பக்கத்தில் எத்தனை! அதைப் பற்றி உங்கள் பத்திரிகையே எழுதியிருக்கிறது.

இணையத்திலும் அதே வேலைதான். நாம் அடிப்பது பெயர், கம்ப்யூட்டருக்குத் தேவை எண். நடுவில் பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்கிற பதிவுக் கிளாக்கருக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர். வீட்டில் பெரும்பாலும் ரவுட்டரே அந்தக் கேள்வியை வாங்கி, இணையம் தருகிற கம்பெனியின் சேர்வரிடம் (கேட்கிறவர்களுக்குப் பதில் தருவதற்கென்றே இருக்கிற கம்ப்யூட்டர்) கேட்டுப் பதில் தரும். தந்த பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகமும் வைத்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி மணி பதினொன்று, அவனுக்கு விடிய முதல் பஸ் பிடிக்க வேண்டும். கம்பெனிப் பக்கத்துக் கோளாறு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் தாத்தா காலையில் பத்திரிகை இல்லாமல் தவிக்கக்கூடாதே என்று ஒரு கைவைத்தியம் செய்தான். உங்கள் தளத்தின் எண்ணைத் தன் போனில் தேடி எடுத்து, லெப்டொப்புக்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறதாம், அதில் எண்ணையும் பெயரையும் ஒரே வரியில் எழுதி வைத்தான். அந்தக் கோப்பில் பெயர் இருந்தால் கம்ப்யூட்டர் வெளியே யாரையும் கேட்காது. காலையில் உங்கள் பத்திரிகை திறந்தது. படம் ஒன்றும் இல்லாமல் மொட்டையாக, எழுத்து மட்டும். படங்கள் வேறு பெயரில் உள்ள இடத்திலிருந்து வருகின்றனவாம், அந்தப் பெயரை அவன் எழுதவில்லை. செத்தவர்களின் முகம் இல்லையே என்று அப்பாவுக்கு வருத்தம், ஆனாலும் வாசித்தார்.

இரண்டு நாள் கழித்துக் கண்டியிலிருந்து எடுத்தான். "மாமா, பஸ்ஸில் யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஐபிகான்ஃபிக் போட்டு, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஆல் என்று அடிச்சு, வர்றதை வாசிங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். கேட்வே என்ற இடத்தில், அதாவது வெளியே போகிற வாசலான புது ரவுட்டரின் எண்ணாக, 192.168.8.1. டி.என்.எஸ். சேர்வர் என்ற இடத்தில் 192.168.1.1. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சிரிக்கிறான். "மாமா, அந்த ஒன்று புள்ளி ஒன்று மின்னலில் செத்த ரவுட்டர்!"

பழைய ரவுட்டர் இருந்த காலத்தில் லெப்டொப்பைப் பழுதுபார்த்த யாரோ, டி.என்.எஸ். இடத்தில் அதன் எண்ணைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். புது ரவுட்டர் மற்றதெல்லாம் தானாகக் கொடுத்தும், கையால் எழுதியது கையால் எழுதியதாகவே நின்றுவிட்டது. எங்கள் லெப்டொப் நாட்கணக்காகச் செத்த கிளாக்கரிடம் வழி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. போன்களில் யாரும் எதையும் கையால் எழுதவில்லை, அதனால் அவை புது ரவுட்டரையே கேட்டுத் தப்பித்தன. வைஃபை அமைப்புக்குள் போய் அந்த எண்ணை நீக்கி, தானாக எடுத்துக்கொள் என்று மாற்றியதும் எல்லாத் தளமும் திறந்தது. மூவாயிரமும் இல்லை, விண்டோஸும் அடிக்கவில்லை.

உங்கள் பத்திரிகைக்குப் படம் வந்துவிட்டது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருந்த வரியை அவனும் மறந்தான், நானும் மறந்தேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். நீங்கள் தளத்தை வேறு சேர்வருக்கு மாற்றியிருக்கிறீர்கள். உங்கள் பெயருக்குப் புது எண், உலகம் முழுக்கப் புது எண்ணுக்குப் போகிறது. என் லெப்டொப் மட்டும், எங்கள் வீட்டிலேயே பதில் இருக்கும்போது யாரை ஏன் கேட்க வேண்டும் என்று பழைய எண்ணுக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இதை நான் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம், திரையில் எழுதியே இருந்தது. குரோமில் தளம் திறக்காவிட்டால் பெரிய எழுத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான், இந்தத் தளத்தை அடைய முடியவில்லை என்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வருவதுதான் நோயின் பெயர். மின்னல் கதையில் அங்கே வந்தது, சேர்வரின் ஐ.பி. முகவரியை, அதாவது அதன் எண்ணை, கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. போன மாதம் வந்தது, பதில் தர அதிக நேரம் எடுத்துக்கொண்டது என்பது. முதலாவதில் பெயருக்கு எண்ணே கிடைக்கவில்லை. இரண்டாவதில் எண் கிடைத்து, அங்கே போய்த் தட்டியும் ஆள் வரவில்லை. அந்தச் சின்ன எழுத்தை ஆங்கிலம் என்று தள்ளிவிட்டுப் பெரிய எழுத்தை மட்டும் பார்த்துக் கோபப்பட்டேன். (திகதியும் நேரமும் பிசகினாலும் தளம் திறக்காது, ஆனால் அப்போது பாதுகாப்பில்லை என்று வேறு வாசகம் வரும். அது தனி நோய்.)

அக்கா மகன் போனிலேயே பிடித்துவிட்டான். உங்கள் பெயரை பிங்கில் போடச் சொன்னான், ஓர் எண் வந்தது. என்எஸ்லுக்கப் என்ற கட்டளையில் அதே பெயரைப் போடச் சொன்னான், வேறு எண் வந்தது. பிங் வீட்டுக் கோப்பை முதலில் பார்க்கும், என்எஸ்லுக்கப் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே டி.என்.எஸ்ஸிடம் போய்விடும். இரண்டும் இரண்டு மாதிரிச் சொன்னால், பெரும்பாலும் வீட்டுக்குள் யாரோ பழைய பதிலை ஒளித்து வைத்திருக்கிறார்கள். சில சமயம் அது விண்டோஸ் ஞாபகத்தில் வைத்திருக்கிற பழைய பதிலாகவும் இருக்கும், அதை ஐபிகான்ஃபிக் போட்டு, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று அடிக்கிற கட்டளை கழுவிவிடும். எங்களுடையது கழுவினால் போகிற கறை இல்லை. நோட்பேடை நிர்வாகி அனுமதியோடு திறந்து, சிஸ்டம்32 உள்ளே டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற இடத்திலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில், அந்த வரிக்கு முன்னால் # போட்டேன். வரியை அழிக்கவில்லை, அந்தக் குறி இருந்தால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. அடுத்த நொடி உங்கள் முகப்பு வந்து நிற்கிறது, படத்தோடு.

அந்தக் கோப்பு ஏன் அங்கே இருக்கிறது என்று பிறகு தேடி வாசித்தேன், என்னைப் போன்ற கிளாக்கருக்குப் பெருமையான விஷயம். ஒரு காலத்தில் இணையத்தின் மொத்தப் பெயர்ப்பதிவும் ஒரே ஒரு கோப்பாம். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண்மணியின் பொறுப்பில் அது இருந்தது. புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குப் பெயர் வைத்தால் அவர்களிடம் சொல்லிச் சேர்க்க வேண்டும், மற்றவர்கள் கோப்பை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் கூடக் கூட அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பதிவைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற முறையை அமைத்தார், அதுதான் டி.என்.எஸ். பழைய கோப்பு மட்டும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மிச்சமாய்க் கிடக்கிறது. ஆக உங்கள் பத்திரிகையை நாங்கள் 1983க்கு முந்திய முறையில் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

எல்லாப் பழியும் வீட்டுக்காரன் மேல் என்றும் சொல்லவில்லை. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நின்றது ஞாபகம் இருக்கும். எங்கள் லயத்துப் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி நின்று சிக்னல் தேடினார்கள். கோளாறு அந்தக் கம்பெனிக்குள், பராமரிப்பு வேலை ஒன்று பிசகி அவர்களின் பெயர் சேர்வர்களுக்குப் போகிற வழியே உலக வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. ஆறு மணி நேரம் கலிஃபோர்னியாக்காரனுக்கும் இதே கதிதான். மலையில் சிக்னல் மோசம் என்பதும் உண்மை, மூடுபனியும் மேடும் பள்ளமும் நாங்கள் அறியாததா? சிக்னல் போனாலும் பெயர் கிடைக்காதுதான். ஆனால் அப்போது 8.8.8.8உம் பதில் தராமல் திணறும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் மட்டும் மலையைத் திட்ட வேண்டாம்.

இதை அக்கம்பக்கத்தில் சொல்லப்போய் எனக்கு இப்போது வைத்தியர் பட்டம். டியூஷன் நடத்துகிற ஒரு டீச்சர் வீட்டில் நேர்மாறான கோளாறு. பிரிண்டரைப் பெயரால் சேர்க்காமல் எண்ணால் சேர்த்திருந்தார்கள், கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் அதற்கு வேறு எண் கொடுத்துவிட்டது. பிரிண்டரின் எண் மாறாதபடி ரவுட்டரிலேயே ஒதுக்கி வைத்ததும் சரி.

இன்னொரு வீட்டில், வட்ஸ்அப்பில் வந்தது என்று யாருடையது எவருடையது என்று தெரியாத டி.என்.எஸ். எண் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள், "இதைப் போட்டால் ஸ்பீடு" என்று. இதில்தான் எனக்குக் கோபம் வந்தது. தபால் பை பிரிக்கிற ஆளுக்கு யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்று தெரியும், அவன் நினைத்தால் கடுதாசியை வேறு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற வைரஸ் செய்தது அதைத்தான். சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் இந்த எண்ணை மாற்றி, ஆட்களைத் தங்களுக்குக் காசு வருகிற பக்கங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். எஸ்டோனியாவில் ஆட்களைப் பிடித்தது 2011இல். அவர்களின் சேர்வரை உடனே நிறுத்தினால் இத்தனை பேருக்கும் இணையம் போய்விடும் என்று, அமெரிக்க எஃப்.பி.ஐ. மாற்றுச் சேர்வர் ஏற்பாடு செய்து 2012 ஜூலை 9 வரை ஓடவிட வேண்டியிருந்தது. கம்பெனியின் டி.என்.எஸ். மெதுவாக இருந்தால் கூகுள் 2009இலிருந்து நடத்துகிற 8.8.8.8ஐப் போடுங்கள், அல்லது க்ளவுட்ஃப்ளேர் 2018இல் தொடங்கிய 1.1.1.1ஐ. வேறு ஏதாவது போட்டால் அது யாருடைய எண் என்று கேளுங்கள். போட்ட எண்ணை ஒரு துண்டில் எழுதி ரவுட்டருக்கு அடியில் ஒட்டி வையுங்கள், ரவுட்டர் மாறுகிற நாளில் அது கைகொடுக்கும்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அப்பா கேட்கிறார், "தமிழ்ப் பத்திரிகைக்கு ஏன்டா இங்கிலீஷில் அடிக்கிறாய்?" என்று. .இலங்கை என்று தமிழிலேயே முடிகிற பெயர் 2010இலிருந்து இருக்கிறது. உள்ளே அதை ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் மாற்றித்தான் கம்ப்யூட்டர் தேடும், அது நமக்குத் தெரியத் தேவையில்லை. இப்போதைய பெயரை வைத்துக்கொண்டே அதையும் ஒன்று பதிந்து, இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும்படி செய்யலாம். தோட்டத்துக்கே கம்பெனி வைத்த பெயர் ஒன்று, ஆட்கள் கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று இருக்கவில்லையா, இரண்டுக்கும் கடுதாசி வரவில்லையா?

மற்றது, அன்றைக்குப் போன் எடுத்த பிள்ளைக்கு என் மன்னிப்பைச் சொல்லுங்கள். இனி என்னைப் போல ஒருவர் கத்தினால், "போனில் திறக்குதா ஐயா?" என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, போனின் சொந்த டேட்டாவில். திறந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த ஐயாவின் வீட்டில்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் தோட்டக் கிளாக்கர்,
பொகவந்தலாவை.